கைமாறும் பாரம்

டைகர் மோத் விமானத்தின் ஓர் இறக்கையைக் கழற்றிவிட்டால், இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். தேக்குக் கட்டிலைத் தூக்கும் அளவுக்குக்கூட மூச்சு வாங்காது. உள்ளே மெல்லிய மரச்சட்டங்கள், பசை, கொஞ்சம் எஃகுக் கம்பி. மேலே போர்த்திய துணி. விரலால் தட்டினால் தம்பட்டம் போல ஒலிக்கும்.

அந்த விமானத்துக்கு இப்படி நான்கு இறக்கைகள். மேலிரண்டையும் சேர்க்க ஒரு சிறிய நடுப்பகுதி. இயந்திரம், எரிபொருள், ஆட்கள் இருவர் என்று எல்லாம் சேர்த்து அது அதிகபட்சம் 828 கிலோ எடையோடு பறக்கும். இறக்கைகளின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 22 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர மீட்டருக்கு 37 கிலோ. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனை மேசைவிரிப்பில் உட்காரவைத்துத் தூக்குவது போல. விமானம் 60 பாகை சாய்ந்து, உயரம் குறையாமல் வட்டமடித்தால் இந்தப் பாரம் இரு மடங்காகிவிடும்.

துணி இதை எப்படித் தாங்குகிறது? தாங்குவதில்லை, வாங்கிக் கைமாற்றிவிடுகிறது. வீட்டுக்குத் தளம் போடும் நாளில் கலவைச் சட்டி வரிசையாக நிற்பவர்களின் கைகளில் மாறி மாறி மாடிக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் சட்டியை வைத்துக்கொண்டு நிற்பதில்லை. இறக்கையிலும் அப்படித்தான். காற்று தரும் விசையைத் துணி வாங்கித் தையலிடம் தருகிறது. தையல், விலாக்களிடம். விலாக்கள், இறக்கையின் நீளத்துக்கும் ஓடும் ‘ஸ்பார்’ என்ற இரண்டு நெடுஞ்சட்டங்களிடம். அவை, கம்பிகளிடமும் தூண்களிடமும். கடைசியில் பாரம் விமானத்தின் உடலுக்கு வந்து சேர்கிறது. வரிசையில் ஒருவர் மட்டும் கையை எடுத்துவிட்டால் சட்டி கீழே விழும்.

உடைந்த இறக்கையைத் திரும்பக் கட்டுவது என்றால், அந்த வரிசையை ஒரு கையும் விடாமல் மறுபடி நிறுத்துவதுதான்.

பூச்சியின் பெயரில் ஒரு விமானம்

ஜெஃப்ரி டி ஹாவிலாண்டுக்கு விமானம் தொழில், பூச்சிகள் ஆசை. தன் நிறுவனத்தின் சிறு விமானங்களுக்கு அவர் அந்துப்பூச்சியின் ஆங்கிலப் பெயரான ‘மோத்’ என்பதை வைத்தார். அந்தக் குடும்பத்தில் வந்த டைகர் மோத், 1931 அக்டோபர் 26 அன்று லண்டனை ஒட்டிய ஸ்டாக் லேன் திடலிலிருந்து முதன்முதலாகப் பறந்தது. ஓட்டியவர் ஹூபர்ட் பிராட். அதன்பின் 8,000-க்கும் மேல் கட்டப்பட்டன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, இந்தியா என்று பல நாடுகளின் விமானிகள் முதன்முதலில் கையும் காலும் பழகியது இதில்தான். 2012 அக்டோபரில், இந்திய விமானப்படையின் 80ஆம் ஆண்டு விழாவில், பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்டு வந்த ஒரு டைகர் மோத் ஹிண்டன் தளத்தின் மேல் பறந்து காட்டியது.

நம் ஊருக்கும் இந்தக் குடும்பத்தோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது டைகர் மோத்தின் உறவான புஸ் மோத் விமானத்தில். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அந்தத் தபாலைச் சென்னைவரை கொண்டுவந்தார். சென்னைக்கு வந்த அந்த வான்தபாலைத் தாங்கிய இறக்கைகளும் மரச்சட்டமும் துணியும்தான்.

டைகர் மோத்தின் இறக்கைகள் சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். வேகத்துக்காக என்று தோன்றும். காரணம் வேறு. முன்னிருக்கையில் இருப்பவர் ஆபத்தில் பாராசூட்டோடு வெளியே குதிக்க, மேல் இறக்கையின் நடுப்பகுதியும் அதைத் தாங்கும் தூண்களும் இடைஞ்சலாக இருந்தன. நடுப்பகுதியை முன்னால் நகர்த்தினார்கள். அதனால் இறக்கைகளின் தூக்குவிசை விழும் இடமும் முன்னால் நகர்ந்து, விமானத்தின் சமநிலை கெட்டது. அதை மீட்க இறக்கைகளைப் பின்னுக்குச் சாய்த்தார்கள். ஓரிடத்தில் ஒரு கையை நகர்த்தினால் வரிசை முழுவதும் நகர வேண்டியிருக்கும் என்பதற்கு இந்தச் சாய்வே சாட்சி.

நுனியில் பட்ட அடி

பழைய சிறு விமானங்களின் இறக்கைகள் பெரும்பாலும் வானில் உடைவதில்லை, தரையில்தான் உடைகின்றன.

டைகர் மோத் நிற்பது முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒரு வால்சறுக்கு என்ற அமைப்பில். எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் விழுகிறது. இதன் விளைவை, டிராக்டரில் டிரெய்லர் மாட்டிப் பின்னுக்கு எடுத்தவரிடம் கேட்டால் சொல்வார். முன்னே இழுத்துப் போனால் டிரெய்லர் தானாக நேராகிவிடும். பின்னுக்குத் தள்ளினால், விரல்கடை கோணல் கண்மூடித் திறப்பதற்குள் முழுக் கோணலாகி, வண்டியே மடங்கிவிடும். வால் தரையில் ஓடும் விமானம், இறங்கியபின் எப்போதும் அந்தப் பின்னுக்குத் தள்ளும் நிலையில்தான் இருக்கிறது. பக்கக் காற்று மூக்கைச் சற்றுத் திருப்பிவிட்டால், பின்னால் இருக்கும் எடை முன்னே முந்தப் பார்க்கிறது. திருப்பம் இறுகி, விமானம் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றுகிறது. விமானிகள் இதை ‘கிரவுண்ட் லூப்’ என்கிறார்கள். உள்ளே இருப்பவருக்குப் பெரும்பாலும் காயம் இருக்காது. ஆனால் வெளிப்பக்கத்துக் கீழ் இறக்கையின் நுனி புல்லில் உரசும்.

அந்த உரசலில் நுனியின் வளைவுச் சட்டம் நொறுங்கும், இரண்டு மூன்று விலாக்கள் முறியும், துணி கிழியும். இவ்வளவுதான் என்றால் வேலை எளிது. இறக்கை ஒரு நெம்புகோல் என்பதை மறந்தால்தான் ஆபத்து. நுனியில் விழுந்த அடி, இறக்கையின் நீளத்தையே கைப்பிடியாக்கிக்கொண்டு, வேறெங்கோ, தூண் வந்து சேரும் இடத்திலோ உடலோடு பூட்டும் அடிமுனையிலோ போய் முறுக்குகிறது. அடி பட்டது ஓரிடம், வலி இருப்பது வேறிடம். அதனால் கிழிந்த துணியை மட்டும் ஒட்டிவிட்டுப் பறப்பதைவிடப் பெரிய தவறு இந்தத் தொழிலில் கிடையாது.

கண்ணுக்குத் தெரியாத சுருக்கம்

முதல் வேலை, துணி முழுவதையும் உரிப்பது. உரிப்பதற்கு முன் படம் எடுத்து, ஒவ்வொரு விலாவுக்கும் எண் எழுதி, தையல் எங்கே எத்தனை அங்குல இடைவெளியில் இருந்தது என்று குறித்துக்கொள்வார்கள். உரித்த துணியை எறிவதில்லை. வேலை முடியும்வரை அதுதான் மாதிரி.

துணி போனதும் இறக்கை மீன்முள் போலத் தெரியும். முன்னொன்று பின்னொன்றாக இரண்டு ஸ்பார்கள். அவற்றின் குறுக்கே வரிசையாக விலாக்கள். ஊடே மூலைக்கு மூலை இழுத்துக் கட்டிய கம்பிகள்.

ஸ்பாரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ‘I’ என்ற வடிவம் தெரியும். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் தடிப்பு. நடுவே இரண்டு பக்கமும் மரத்தைக் குடைந்து எடுத்திருப்பார்கள். நீளமான பலகையைப் படுக்கவைத்து இரு முனையிலும் தாங்கு கொடுத்தால் தொய்யும். அதையே செங்குத்தாக நிறுத்தினால் அசையாது. மரம் அதேதான், உயரம்தான் வேறு. உயரத்தை இரு மடங்காக்கினால் வளையாத தன்மை எட்டு மடங்காகும். சட்டம் வளையும்போது ஒரு விளிம்பு நசுங்குகிறது, எதிர் விளிம்பு இழுபடுகிறது. நட்டநடுவில் ஏறக்குறைய எதுவும் நடப்பதில்லை. வேலை செய்யாத அந்த நடுமரத்தைத்தான் எடை குறையக் குடைந்து எடுத்திருக்கிறார்கள்.

இனித் தேட வேண்டியது முறிவை அல்ல. முறிந்தது தானாகவே தெரியும். தேட வேண்டியது சுருக்கத்தை. மரத்தின் நார், நீளவாக்கில் இழுத்தால் நன்றாகத் தாங்கும். அதே வாக்கில் நசுக்கினால் அவ்வளவு தாங்காது. வளையும் சட்டத்தில் முதலில் தோற்பது நசுங்கும் விளிம்புதான். அங்கே நார்கள் பொடி மடிப்பாக மடிந்து, நாருக்குக் குறுக்கே மயிரிழை போன்ற ஒரு கோடு விழும். சட்டம் நேராகவே இருக்கும், வார்னிஷ்கூட விரிந்திருக்காது. ஆனால் அந்த மடிந்த நார் அடுத்த முறை இழுவிசை வந்தால் தாங்காது, அறுந்துவிடும். தரையில் பட்ட அடி நசுக்கிய அதே விளிம்பை, வானில் காற்று இழுக்கக்கூடும்.

அந்தக் கோட்டைக் காண ஓர் உபாயம் இருக்கிறது. அறையை இருட்டாக்கி, கைவிளக்கை மரத்தின் மேல் படுக்கப் பிடித்து, வெளிச்சத்தை நாரோட்டத்தின் வாக்கிலேயே அடிப்பது. நேரே அடித்தால் எதுவும் தெரியாது. படுக்க அடித்தால் தூசு உயரச் சுருக்கமும் நிழல் போடும். சாயங்கால வெயிலில் சுவரின் பூச்சு மேடுபள்ளம் எல்லாம் தெரிவதைப் போல.

இது அருங்காட்சியகப் பொருள்களுக்கு மட்டுமான கவலையும் அல்ல. மர ஸ்பார் கொண்ட சிட்டாப்ரியா, டெகாத்லான் போன்ற விமானங்களில் இத்தகைய வெடிப்புகளைத் தேடிப் பார்க்கும்படி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1998-இல் கட்டாய ஆணை பிறப்பித்தது.

போல்ட் துளைகளையும் விடுவதில்லை. வட்டமாக இருக்க வேண்டிய துளை சற்றே நீண்டு முட்டை வடிவம் எடுத்திருந்தால், அங்கே உலோகம் மரத்தை அரைத்திருக்கிறது. சுற்றிலும் கறுத்திருந்தால் ஈரம் புகுந்து துருவும் மரமும் சேர்ந்திருக்கின்றன.

பன்னிரண்டுக்கு ஒன்று

முறிந்த ஸ்பாரை முழுதாக மாற்றலாம்; விதி அனுமதிக்கும் இடத்தில் துண்டு சேர்த்து ஒட்டவும் செய்யலாம். ஒட்டப்போகும் மரம் சாதாரண மரக்கடையில் கிடைக்காது.

அந்த மரம் சிட்கா ஸ்ப்ரூஸ். கலிபோர்னியாவின் வடக்கிலிருந்து அலாஸ்காவரை, பசிபிக் கடலோர மழைக்காடுகளில் 50 மீட்டருக்கும் மேல் நிமிர்ந்து வளர்வது. அலாஸ்காவின் சிட்கா ஊர்ப்பெயரே மரத்துக்கும் வந்தது. ஒரு கன மீட்டர் சிட்கா ஏறக்குறைய 400 கிலோதான். தேக்கு அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். எடைக்கு ஒப்பிட்டால் சிட்காவின் வலிமை வியப்பூட்டும். கிளை விடாத நீளமான அடிமரம் என்பதால் கணு இல்லாத, நார் நேராக ஓடும் பலகை கிடைக்கும். அப்படியும் பலகைகளில் பெரும்பகுதியைக் கழித்துவிடுவார்கள். ஓர் அங்குலத்தில் ஆறு ஆண்டு வளையங்களுக்குக் குறையக் கூடாது. 15 அங்குல நீளத்தில் நார் ஓர் அங்குலத்துக்கு மேல் விலகி ஓடக் கூடாது. நாரோட்டத்தைக் கண்டுபிடிக்க ஒரு சொட்டு மையை விட்டுப் பார்ப்பதும் உண்டு. மை நாரின் வழியே ஓடிக் காட்டிக்கொடுக்கும். நார்தான் பாரம் போகும் சாலை. சாலை சட்டத்தின் பக்கவாட்டில் வெளியேறினால் பாரமும் அங்கேயே வெளியேறும்.

இப்போது ஒட்டு. இரண்டு சட்டங்களை முனைக்கு முனை வைத்துப் பசை தடவினால் என்ன ஆகும்? கையால் இழுத்தாலே கழன்றுவிடும். மரத்தின் வெட்டுமுனை, கட்டி வைத்த உறிஞ்சுகுழல்களின் வாய் போன்றது. பசையைக் குடித்துவிடும், பிடிப்பு இருக்காது. குழல்களின் பக்கத்தில் தடவினால்தான் பசை பற்றும். அதனால் இரண்டு முனைகளையும் நீளமாகச் சரித்துச் சீவி, ஒன்றின் மேல் ஒன்று படுக்கவைக்கிறார்கள். இந்தச் சாய்வு ஒட்டுக்கு நல்ல அளவு பன்னிரண்டுக்கு ஒன்று: 25 மில்லிமீட்டர் தடிப்புக்கு 300 மில்லிமீட்டர் நீளச் சாய்வு.

ஏன் பன்னிரண்டு? சட்டத்தில் ஓர் இழுவிசை ஓடுவதாக வைத்துக்கொள்வோம். வெட்டு நேராக இருந்தால் முழு விசையும் பசையைப் பிய்க்கப் பார்க்கும். பன்னிரண்டுக்கு ஒன்றாகச் சரித்தால், ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர் பசையின் மேலும் பிய்க்கும் விசை நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வழுக்கிவிடப் பார்க்கும் விசை மட்டும் பன்னிரண்டில் ஒரு பங்கு மிஞ்சும். பசைக்குப் பிய்ப்பதுதான் ஆகாது. வழுக்கலை அது நன்றாகத் தாங்கும். ஆக, உடைப்பு ஒரு சாண் என்றால் ஒட்டுக்கு அதைவிட நீளமான நல்ல மரம் வேண்டும். நன்றாக இருக்கும் மரத்தையும் சேர்த்துச் சீவி எறியும்போது தச்சரின் மனம் சங்கடப்படும். ஆனால் பாரம் ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கு அவ்வளவு அகலமான படித்துறை தேவைப்படுகிறது.

சீவுவது இழைப்புளி வேலை. காகிதம் நுழையும் இடைவெளிகூட இல்லாமல் இரண்டு சரிவும் படிய வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மழுப்பினால், மரத்தூள் நாரின் வாய்களை அடைத்துப் பசையை உள்ளே விடாது. கூரான இழைப்புளி விட்டுப்போன பரப்பே சிறந்தது.

பாலில் செய்த பசை

தொடக்ககால விமானங்களை ஒட்டியது பாலின் புரதம். பன்னீர் திரளுமே, அதே கேசீன் புரதத்தைப் பொடியாக்கிச் சுண்ணாம்போடு கலந்தால் அருமையான மரப்பசை கிடைக்கும். அதன் குறையும் அந்தப் பாலிலேயே இருக்கிறது: ஈரம் பட்டால் பூஞ்சணமும் நுண்ணுயிர்களும் அதைச் சாப்பிட வரும்.

1931 மார்ச் 31 அன்று அமெரிக்காவின் கான்ஸஸ் மாநிலத்தில் ஒரு ஃபோக்கர் எஃப்-10 பயணிகள் விமானத்தின் மர இறக்கை வானிலேயே பிரிந்தது. புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் க்னூட் ராக்னி உள்பட எட்டுப் பேர் இறந்தார்கள். இறக்கைக்குள் கசிந்த ஈரம் பசைப்பிடிப்பைத் தளர்த்தியிருந்தது. பலகை மூடிய இறக்கை என்பதால் உள்ளே திறந்து பார்க்கவும் வழியில்லாமல் இருந்தது. பயணிகள் விமானங்கள் மரத்தைக் கைவிட்டு உலோகத்துக்கு மாறும் வேகத்தை இந்த விபத்து கூட்டியது. டைகர் மோத் முதன்முதலில் பறந்ததும் அதே ஆண்டில்தான். துணி போர்த்திய அதன் இறக்கையில் ஒரு வசதி உண்டு. துணியை உரித்துவிட்டால் எந்த மூட்டும் கண்ணுக்கும் கைக்கும் எட்டும்.

1930களின் பிற்பகுதியில் நார்மன் டி புருய்ன் என்ற அறிவியலாளர் கேம்பிரிட்ஜுக்கு அருகே டக்ஸ்ஃபோர்டில் உருவாக்கிய ஏரோலைட் பசை, பூஞ்சணத்துக்கு இரையாகாத செயற்கைப் பிசின். அதைப் பூசும் முறையே அழகானது. ஒரு மரப்பரப்பில் பிசின். எதிர்ப்பரப்பில் இறுக்கும் திரவம். அந்தத் திரவத்தில் இருப்பது ஃபார்மிக் அமிலம்: எறும்பு கடித்தால் சுரீரென்பதற்குக் காரணமான அதே அமிலம். இரண்டு பரப்பும் முத்தமிடும்வரை ஒன்றும் நடக்காது. சேர்ந்ததும் இறுகத் தொடங்கும்.

நல்ல பசை மட்டும் போதாது என்பதற்கு நம் பக்கமே ஒரு பாடம் நடந்தது. 1944-இல் இந்தியா–பர்மா போர்முனையில் பறந்த சில மொஸ்கிட்டோ விமானங்களின் மர இறக்கைகள் பறக்கும்போதே பிரிந்தன. நம் வெயிலின் மேலும் ஈரக்காற்றின் மேலும்தான் முதலில் பழி விழுந்தது. ஆராய்ந்தபோது, கட்டும்போதே துண்டுகள் சரியாகப் படியாமல் ஒட்டப்பட்ட குறைகளும் வெளிப்பட்டன.

அதனால்தான் இன்றும் ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும், அதே கலவையில், அதே மரத்துண்டுகளை ஒட்டிச் சாட்சியாக எடுத்து வைப்பார்கள். இறுகியபின் சுத்தியலால் அடித்து உடைத்துப் பார்ப்பார்கள். ஒட்டு விட்டுக்கொண்டு இரண்டு வழுவழுப்பான முகம் தெரிந்தால் தோல்வி. ஸ்பாரில் செய்த வேலையும் குப்பைக்குப் போகும். உடைந்த பரப்பெல்லாம் கிழிந்த நாராக இருந்தால் வெற்றி. மரம் தோற்க வேண்டும், பசை தோற்கக் கூடாது.

பலம் கூடினாலும் குறைதான்

இங்கே சாதாரணப் புத்திக்கு ஒரு யோசனை வரும்: உடைந்த இடத்தில் தடிமனான பட்டை ஒன்றை வைத்து அறைந்துவிட்டால் முன்னைவிட உறுதியாகிவிடாதா? மாட்டுவண்டி நுகத்தடிக்கு இரும்புப் பட்டை போடுவதில்லையா?

ஒட்டின் இருபுறமும் வலுப்பட்டைகள் வைப்பது உண்மைதான். ஆனால் அவற்றின் முனைகளைக் கத்திமுனைபோல மெலிய இழைத்துவிடுவார்கள். சட்டென்று முடியும் தடித்த பட்டை, வளையும் சட்டத்தில் வளையாத ஒரு தீவாகிவிடும். மற்ற இடமெல்லாம் வளைந்து கொடுக்க, தீவு மறுக்கும். அப்போது முழு வளைவும் அதன் கரையில் வந்து குவியும். அடுத்த முறிவு அந்தக் கரையில்தான் நடக்கும். வரிசையில் ஒருவர் மட்டும் பயில்வானாக நின்று, வந்த சட்டியை முரட்டு வேகத்தில் தள்ளினால் அடுத்தவர் கை தவறவிடுவதைப் போல.

ஒட்டும்போது கிளாம்பை முறுக்குவதிலும் இதே கதை. அதிகமாக இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறிவிடும். உள்ளே வறண்ட மூட்டுத்தான் மிஞ்சும்.

இன்னும் நுட்பமானது எய்லெரான். இறக்கையின் பின்விளிம்பில் கீல் போட்டு மேலும் கீழும் அசையும் மடல் அது. விமானத்தைச் சாய்ப்பது அதன் வேலை. டைகர் மோத்தில் கீழ் இறக்கைகளில் மட்டுமே இருக்கிறது. அதைப் பழுது பார்க்கும்போது கீலுக்குப் பின்னால் கொஞ்சம் மரம், கொஞ்சம் பசை, இரண்டு பூச்சு வண்ணம் கூடிவிட்டால் மடலின் பின்பக்கம் கனத்துவிடும். குறிப்பிட்ட வேகத்தில், இறக்கையின் அசைவும் மடலின் அசைவும் ஒன்றை ஒன்று ஊஞ்சல் தள்ளுவதுபோல் தூண்டிவிட்டுக்கொள்ளும். ‘ஃப்ளட்டர்’ எனப்படும் இந்த நடுக்கம் சில நொடிகளில் நல்ல இறக்கையையும் பிய்த்துவிடக்கூடும். அதனால் பழுது பார்த்த எய்லெரானின் சமநிலையைச் சோதிக்காமல் மாட்டுவதில்லை. எடையைக் கூட்டாத பழுதே நல்ல பழுது.

மூலைக்கு மூலை

ஸ்பார்கள் தயார். புதிய விலாக்களை, பலகையில் கட்டைகள் அறைந்த அச்சுக்குள் மெல்லிய குச்சிகளை வளைத்து, பொடி ஆணியும் பசையும் போட்டுச் செய்திருப்பார்கள். எல்லாம் ஒரே அச்சில் வந்தவை என்பதால் மேல்வளைவு ஒன்றுபோல இருக்கும்.

இனி இறக்கையைச் சதுரமாக்க வேண்டும். கதவுநிலை செய்யும் நம் தச்சர் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நூல் பிடித்து, அடுத்து மற்ற மூலைக்கு மூலை பிடிப்பார். இரண்டும் ஒரே நீளம் என்றால் நிலை சதுரம். இறக்கைக்கும் அதே கணக்கு. முன்ஸ்பாருக்கும் பின்ஸ்பாருக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு கம்பிகள் பெருக்கல் குறிபோலக் கட்டியிருக்கும். ஒன்று, காற்று இறக்கையைப் பின்னுக்குத் தள்ளுவதைத் தடுக்கும். மற்றது, முன்னுக்கு இழுபடுவதை. நகரும் ஊசிகள் பொருத்திய ஓர் அளவுகோலை மூலைக்கு மூலை வைத்து, ஒரு கம்பியைத் தளர்த்தி மற்றதை இறுக்கி, கட்டம் கட்டமாக நகர்வார்கள். மூன்றாம் கட்டத்தைச் சரிசெய்தால் முதல் கட்டம் சற்று மாறியிருக்கும். திரும்பவும் முதலிலிருந்து. ஒரு பகல் முழுவதும் இதிலேயே போய்விடும்.

இந்தப் பொறுமை அழகுக்காக இல்லை. கோணலான இறக்கையோடு பறந்தால் விமானம் எப்போதும் ஒரு பக்கம் சாயப் பார்க்கும். ஓட்டுபவரின் கை ஓயாது.

மெத்தைத் தையல்

துணி போர்த்துவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. அதிகாரம் பெற்ற பரிசோதகர் வந்து ஒவ்வொரு மூட்டையும் பார்த்து, ஏட்டில் கையெழுத்திட வேண்டும். மூடிவிட்டால் பல ஆண்டுகளுக்கு எந்தக் கண்ணும் உள்ளே போகாது.

முன்பு ஐரிஷ் லினன் துணி. இப்போது பல பட்டறைகளில் பாலியெஸ்டர். லினனுக்கு ‘டோப்’ என்ற செல்லுலோஸ் பூச்சுதான் விறைப்பைத் தந்தது: காயக் காயச் சுருங்கி, துணியை இழுத்துப் பிடிக்கும். பாலியெஸ்டருக்கு இஸ்திரிப்பெட்டி போதும். ஆட்டத்துக்கு முன் பறையைத் தீயில் காய்ச்சுவது போல, முதலில் 120 பாகை செல்சியஸ் அளவில், பிறகு 175-ஐ ஒட்டி, பெட்டியைத் துணியின் மேல் ஓட்டுகிறார்கள். தொய்ந்து கிடந்த துணி கண்ணெதிரே இறுகுகிறது. பறையில் சூடு தோலின் ஈரத்தை வாங்குகிறது. இங்கே, ஆலையில் இழுத்து நீட்டப்பட்ட இழைகள் சூடு பட்டதும் தங்கள் பழைய நீளத்தை நினைத்துச் சுருங்குகின்றன. சூடு மிகுந்துவிட்டால் துணி மெல்லிய விலாக்களையே வளைத்துவிடும்.

அடுத்து, ஒவ்வொரு விலாவோடும் துணியைத் தைத்துக் கட்டுவது. இறக்கைக்கு மேலே காற்றழுத்தம் குறைவதால் மேல்துணி வெளியே உறிஞ்சப்படுகிறது. கட்டவில்லை என்றால் பூரிபோல உப்பி, இறக்கையின் வடிவமே போய்விடும். இலவம்பஞ்சு மெத்தை தைப்பவர் நீள ஊசியை மேலிருந்து கீழே குத்தி வாங்கி, அங்கங்கே முடிச்சு போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புதிதாகத் தெரியாது. மெழுகு தடவிய நூல், ஒரு முழ நீள ஊசி, இறக்கையின் மேல் ஒருவர், கீழ் ஒருவர். வேகம் கூடும் விமானத்துக்கு முடிச்சுகள் நெருங்கும். சுழலியின் காற்று நேராக அடிக்கும் இடத்தில் இன்னும் நெருங்கும்.

பிறகு பூச்சு. அதில் வெள்ளிநிறமாகத் தெரிவது அலுமினியப் பொடி. வெயிலின் புற ஊதாக் கதிர்தான் துணிக்கு எமன். அலுமினியம் அதை உள்ளே விடாது. பூச்சு போதுமா என்று பார்க்க, இறக்கைக்குள் ஒரு விளக்கை ஏற்றி வெளியிலிருந்து நோக்குவார்கள். எங்கேனும் ஒளி கசிந்தால் அங்கே இன்னொரு பூச்சு. கடைசியாகப் பின்விளிம்பின் அடியில் சிறு துளைகள், உள்ளே சேரும் ஈரம் வடிய. ஃபோக்கரின் பாடம் அந்தத் துளைகளில் இருக்கிறது.

கம்பி மாறும் கணம்

இறக்கையைத் திரும்பவும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகிறார்கள். போல்ட் பூட்டி, தூண்களை நிறுத்தி, மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே கம்பிகளை மாட்டுகிறார்கள். காற்றை எளிதாகப் பிளக்கத் தட்டையாக உருட்டிய எஃகுக் கம்பிகள் அவை. இரண்டு கூட்டமாக இருக்கும். ஒரு கூட்டத்தின் பெயர் இறங்கு கம்பிகள்: விமானம் தரையில் நிற்கும்போது, கீழே தொங்கப் பார்க்கும் இறக்கைகளை மேலிருந்து பிடித்திருப்பவை. மற்றது பறப்புக் கம்பிகள்: வானில், மேலே கிளம்பப் பார்க்கும் இறக்கைகளைக் கீழிருந்து பிடிப்பவை.

சோதனைப் பறப்பு அன்று காலை, விமானம் புல்தரையில் ஓடத் தொடங்குகிறது. முதலில் எல்லாப் பாரமும் இறங்கு கம்பிகளில். வால் எழும்புகிறது. துணி காற்றை வாங்கித் தையலிடம் தருகிறது, தையல் விலாவிடம், விலா, பன்னிரண்டுக்கு ஒன்றாகச் சரித்து ஒட்டிய அந்த ஸ்பாரிடம். வேகம் கூடக் கூட இறங்கு கம்பிகளின் இறுக்கம் தளர்ந்துகொண்டே வர, பறப்புக் கம்பிகள் விறைக்கின்றன. சக்கரம் புல்லை விடும்போது சட்டி கைமாறி முடிந்திருக்கிறது.

ஓட்டுபவர் அப்போது இறக்கையைப் பார்ப்பதில்லை. அவர் கண் அந்தக் கம்பிகள் மேல் இருக்கிறது.